கிணற்று இடுக்கில் மூங்கில்

இறக்கக்கண்டிக் கரையோரத்தில் எந்தக் கிணற்றை எட்டிப் பார்த்தாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் நான் வார்த்த சீமெந்து வளையம்தான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். திருகோணமலைத் துறைமுகத்தில் சீமெந்து மூட்டை சுமந்தேன், பிறகு அலை மறிக்கிற சுவருக்குக் கலவை குழைத்தேன், கடைசியில் சொந்த முற்றத்திலேயே கிணற்று வளையம் வார்க்கத் தொடங்கினேன். படித்த எஞ்சினியர்மாரே வந்து என் அச்சைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இதை நானே சொல்லாவிட்டால் யார் சொல்லப்போகிறார்கள்?

அப்படிப்பட்டவனுக்கு ஒரு மூங்கிலை அடக்கத் தெரியாதா என்றுதான் நினைத்தேன்.

மலைநாட்டுக்கு மரக்கறி ஏற்றப் போன லொறிக்காரர் ஒருவர் வேரோடு ஒரு துண்டைக் கொண்டுவந்து தந்தார்.

"அண்ணை, இது ஒரு இடத்தில நிக்கிற சாதி இல்லை. மண்ணுக்குக் கீழால ஓடும். கவனம்."

"ஓடட்டும். நான் கடலையே மறிச்சுச் சுவர் கட்டினவன்," என்றேன்.

வேலி ஓரத்தில் குழி தோண்டி, இரண்டு வளையங்களை ஒன்றின்மேல் ஒன்றாக இறக்கி, அதற்குள் நட்டேன். குசினியில் சட்டிபானை கழுவுகிற தண்ணீர் முழுவதையும் அதற்கே திருப்பிவிட்டேன். இரண்டு வருடம் பேசாமல் நின்றது. மூன்றாம் வருடம் மாரி மழை விழுந்ததும் கிளம்பியது பாருங்கள்! காலையில் முளைக்குப் பக்கத்தில் தடி ஊன்றி அடையாளம் கீறினால், பின்னேரம் அதைத் தாண்டி நாலு விரல் நிற்கும். கதிரையைக் கொண்டுபோய்ப் போட்டு உட்கார்ந்து, அது வளர்வதைக் கண்ணால் பிடித்துவிடலாமென்று பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருநாளும் பிடிபடவில்லை.

ஒருநாள் காலை கிணற்றடியிலிருந்து மனைவி கூப்பிட்டாள்.

"இஞ்சாருங்கோ, ஒருக்கா ஓடி வாங்கோ! கிணத்துக்குள்ள என்னவோ வெள்ளையாய் நீட்டிக்கொண்டு நிக்குது."

எட்டிப் பார்த்தேன். மேல் வளையத்தின் அடியில், பழைய பூச்சு உதிர்ந்த இடுக்கு வழியாக, கன்றுக்குட்டியின் கொம்பு போல ஒரு கூர் முனை. அதைச் சுற்றி மணல் பொலபொலவென்று தண்ணீரில் கொட்டிக்கொண்டிருந்தது. வாளியில் ஏறியது வெறும் கலங்கல்.

எங்கள் ஒழுங்கையில் உப்புக் கரிக்காத கிணறு இது ஒன்றுதான். குடிதண்ணீருக்கு அக்கம்பக்கம் முழுவதும் இங்கேதான் வரும். அந்த முனை பருத்து வளையத்தை நெம்பினால், மணல் உள்ளே இறங்கிக் கிணறே தூர்ந்துவிடும்.

குடத்தோடு வந்து நின்ற பக்கத்து வீட்டுப் பெண் சிரித்தாள்.

"கடலை மறிச்ச மனுசனுக்கு ஒரு வேரை மறிக்க ஏலாமப் போச்சே, மாமா!"

மனைவி சிரிக்கவில்லை. "மூங்கிலோ கிணறோ, ஒண்டைச் சொல்லுங்கோ. இண்டைக்கே சொல்லுங்கோ."

"ரெண்டும் நிக்கும்," என்றேன். சொல்லிக்கொண்டே மண்வெட்டியை எடுக்கப் போனேன்.

உள்ளிருந்து இழுத்தால் வளையமும் சேர்ந்து வரும். அதனால் கிணற்றுக்கும் மூங்கிலுக்கும் நடுவே இடுப்பளவு கிடங்கு வெட்டினேன். வேர்த்தண்டு அகப்பட்டது. பெருவிரல் தடிப்பு. அதை நறுக்கிவிட்டு, வந்த வழியைப் பார்க்க மணலைக் கிளறிக்கொண்டே போனேன். நூல் பிடித்த மாதிரி நேராக, மூங்கிலுக்கு நான் இறக்கிய வளையத்தில் போய் நின்றது.

அங்கேதான் விளங்கியது. இரண்டு வளையங்களுக்கும் நடுவே நான் சீமெந்து பூசவில்லை. கிணற்றின் அடி இடுக்குகளை நாங்கள் பூசுவதில்லை. அவற்றின் வழியாகத்தானே நீர் ஊற வேண்டும்? பழகிப்போன கை, மூங்கிலுக்கும் அதையே செய்திருக்கிறது. விரல் நுழையாத அந்த இடைவெளியில் தண்டு நாடா போலத் தட்டையாகி வெளியே வந்து, பிறகு பழையபடி உருண்டிருந்தது. மணலில் குந்தியிருந்து அதைத் தடவித் தடவிப் பார்த்தேன். கண்ணில்லை, கையில்லை, மட்டக்கோல் இல்லை. என்னிடம் வேலை பழகிய ஒரு மேசனும் இத்தனை நேராகப் போனதில்லை.

கயிற்றில் கிணற்றுக்குள் இறங்கி, முனையை மரம் அரிகிற வாளால் அறுத்து, இடுக்கைப் பூசினேன். மூங்கில் வளையத்தையும் பூசினேன். அதைச் சுற்றிவரக் கிடங்கு வெட்டி, மூடாமல் விட்டேன். தாண்டப் பார்க்கிற தண்டு அதில் தலைகாட்டும், கண்டவுடன் நறுக்கலாம்.

மூன்று நாள் இறைத்துக் கொட்டினோம். நான்காம் நாள் காலை மனைவி கிளாசில் மொண்டு, வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்து, ஒரு மிடறு குடித்தாள். பக்கத்து வீட்டுப் பெண்ணின் குடத்தை வாங்கி நிரப்பிக் கொடுத்தாள். கிளாசில் இருந்த மிச்சத்தைக் கொண்டுபோய் மூங்கிலின் அடியில் ஊற்றினாள்.