ஒற்றைக் காளைக்காரி அசுபாள்

அத்தரா ஊரில் ராஜா வேண்டும் என்று முதலில் வாய்விட்டுக் கேட்டவள் அசுபாள்தான். மூப்பர்கள் அதற்கப்புறம்தான் கேட்டார்கள். பேர் மட்டும் அவர்களுக்குப் போய்விட்டது. அடிக்கடி படையெடுத்து வரும் பெலிஸ்தரை விரட்டவேண்டும், மற்ற ஜனங்களைப்போல நாமும் இருக்கவேண்டும் என்றெல்லாம் அவர்கள் பெரிதாகப் பேசினார்கள். அசுபாளுக்கு அந்தப் பெரிய பேச்சு எதுவும் இல்லை. அவள் ராஜாவைக் கேட்டது ஒரு மாட்டுக்காக.

அவளுடைய மாமனார் சாகும்போது ஒரு ஜோடி காளைகளை வைத்துவிட்டுப் போனார். மகன்கள் இரண்டு பேர். ஆளுக்கு ஒன்று என்று பிரித்துக்கொண்டார்கள். செவலை அசுபாளின் புருஷனான மூத்தவன் கேராவுக்கு, கறுப்பன் இளையவன் எல்பாலுக்கு. அண்ணன் தம்பி ஒற்றுமையாக இருந்தவரைக்கும் இரண்டையும் ஒரே நுகத்தில் பூட்டி இருவர் நிலத்தையும் உழுதார்கள். பிறகு கேரா காய்ச்சலில் போய்விட்டான். அசுபாளுக்கு மிஞ்சியது மலைச்சரிவில் கல்வரப்புப் போட்ட நான்கு துண்டு நிலம், ஊசிம் என்று ஒரு மகள், அப்புறம் செவலை. ஒற்றை மாட்டை வைத்துக்கொண்டு யார் உழமுடியும்? கழுதையைப் பக்கத்தில் பூட்டலாம் என்றால் அதற்கு நியாயப்பிரமாணம் இடம் கொடுக்காது.

ஆகவே முன்மாரி விழுந்ததும் எல்பால் வந்து செவலையை ஓட்டிக்கொண்டு போவான். ஆண்பிள்ளை பிடிக்கிற ஏர்தான் முதலில் போகவேண்டும் என்பான். அவன் நிலம் முழுவதும் உழுது, விதைத்து, மூடி முடித்து, மாடுகள் மூச்சு வாங்கிக்கொண்டு அவள் நிலத்துக்கு வரும்போது மண் ஓடாகக் காய்ந்திருக்கும். அவன் வாற்கோதுமை இடுப்பளவு நிற்கும். இவளுடையது கணுக்காலைத் தாண்டாது. ஒவ்வொரு வருஷமும் இதே கதை.

போய்ச் சொல்ல ஆள் இல்லையா என்றால், இருந்தார்கள். ஊர்வாசலில் உட்காரும் மூப்பர்கள் எல்லாரும் எல்பாலுக்குச் சித்தப்பன், பெரியப்பன். அவள் கொண்டுபோன பயற்றங்கூழைக் குடித்துவிட்டு, ஒரே ரத்தம் நீங்கள், பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்பார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை மிஸ்பாவுக்கு நியாயாதிபதி வருவார். அசுபாள் திராட்சை அடையைத் துணியில் முடிந்துகொண்டு நடந்து போவாள். ஒரு வருஷம் கொலை வழக்கு வந்து அவள் முறை தள்ளிப்போயிற்று. இன்னொரு வருஷம் அவள் வாயைத் திறக்கும்போது பெலிஸ்தர் வருகிறார்கள் என்று யாரோ கத்த, கூட்டம் குகைகளுக்கு ஓடிற்று. மூன்றாவது முறை அந்தப் பெரியவர் பொறுமையாக எல்லாம் கேட்டார். ஒரு வருஷம் அவள் நிலம் முதலில், மறு வருஷம் எல்பால் நிலம் முதலில் என்று தீர்ப்பும் சொன்னார்.

அன்று அவள் வீட்டுக்கு நடந்து வரவில்லை, பறந்து வந்தாள். எல்பாலும் தீர்ப்பைக் கேட்டுத் தலையை ஆட்டினான். அருமையான தீர்ப்பு மதினி, ஏற்றுக்கொள்கிறேன், இந்த வருஷம் என்னுடையது என்றான். சரி என்று விட்டாள். மறு வருஷமும் இந்த வருஷம் என்னுடையது என்றான். போன வருஷம் யாருடையது என்று கேட்டால், அதைத்தான் மதினி நீங்கள் மறந்துவிட்டீர்கள் என்கிறான். ஊர் ஊராகச் சுற்றும் நியாயாதிபதியோ இப்போது கில்காலில் இருக்கிறார். தீர்ப்புச் சொல்ல வாய் இருந்தது. அதை நடத்திவைக்கக் கை இல்லை. அன்றுதான் அசுபாள் கிணற்றடியில் நின்று சொன்னாள்:

“நமக்கு ஒரு ராஜா வேணும்டி. ஒரே எடத்துல உக்காந்திருக்கணும். சொன்னா ஆளுங்க பயப்படணும்.”

மூப்பர்கள் நியாயாதிபதியின் ஊரான ராமாவுக்குப் போய்க் கேட்டபோது அந்தப் பெரியவர் எச்சரித்து அனுப்பினார். ராஜா உங்கள் மகன்களை ரதத்துக்கு முன் ஓடவைப்பார், மகள்களைச் சமையலுக்கும் ரொட்டி சுடவும் எடுத்துக்கொள்வார், நல்ல வயலையும் ஒலிவத் தோப்பையும் எடுப்பார், தானியத்தில் பத்தில் ஒன்று எடுப்பார் என்று. ஊரே அதைப் பேசிக்கொண்டிருந்தது. அசுபாள் தன் கணக்கைப் பார்த்தாள். மகன் இல்லை. தோப்பு இல்லை. நல்ல வயல் என்று அவள் நிலத்தை யாரும் சொல்லமாட்டார்கள். மகள் இருக்கிறாளே என்றார்கள் பெண்கள்.

“இவ சுட்ட ரொட்டிய ஒரு வாய் தின்னாப் போதும், ராஜாவே கொண்டாந்து விட்டுருவாரு” என்றாள் அசுபாள். ஊசிம் ஒரு வாரம் அவளோடு பேசவில்லை.

ராஜா வந்தார். ராஜாவைத் தேர்ந்தெடுக்கப் போட்ட சீட்டு எங்கள் பென்யமீன் கோத்திரத்திலேயே விழுந்தது, அதுவும் கூப்பிடு தூரத்துக் கிபியாவில். அசுபாள் அடுத்த மாதமே முக்காட்டைப் போட்டுக்கொண்டு புறப்பட்டுப் போனாள். ராஜா எங்கே என்றால், வயலில் உழுகிறார் என்றார்கள். அவளுக்கு வந்த கோபம் சொல்லி முடியாது. ராஜா என்றால் உட்கார்ந்திருக்கவேண்டாமா, உழுவதற்கு நாங்கள் இல்லையா, இதற்கா இத்தனை கூப்பாடு போட்டோம் என்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டே திரும்பி வந்தாள். ஆனாலும் அவள் விடவில்லை. இந்த வருஷ மழை விழட்டும், எல்பால் என்ன செய்கிறான் பார்த்துக்கொண்டு திரும்பப் போவோம் என்று இருந்தாள்.

மழை விழுந்தது. எல்பால் செவலையை ஓட்ட வந்த அதே காலையில் கிபியாவிலிருந்து ஒருவன் ஓடி வந்தான். ஊர்வாசலில் தோளிலிருந்த சாக்கை அவிழ்த்து ஒரு மாட்டுக்காலைப் போட்டான். நேற்று வெட்டியது, ஈ மொய்த்தது. யோர்தானுக்கு அப்பால் யாபேஸ் ஊரை அம்மோனியன் முற்றுகை போட்டிருக்கிறான், ஊர்க்காரர்களுடைய வலது கண்ணைப் பிடுங்குவேன் என்கிறான், எல்லாரும் பேசேக்குக்கு வாருங்கள் என்று ராஜா சொல்கிறார்; ராஜாவின் பின்னே வராதவனுடைய மாடுகளுக்கும் இப்படியே ஆகும் என்றான்.

முன்பெல்லாம் சண்டைக்கு அழைப்பு வந்தால் போகிறவன் போவான், போகாதவனைப் பெண்கள் பாட்டுக்கட்டிக் கேலி செய்வார்கள். அவ்வளவோடு முடியும். இப்போது மாட்டின்மேல் கை வைக்கிறார்கள். அசுபாள்தான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள்.

“என் வீட்டுல ஆம்பிளையே இல்லப்பா. யார அனுப்பறது? என் மாட்டயும் வெட்டுவீங்களா?”

வந்தவனுக்கு இன்னும் ஏழு ஊருக்கு ஓடவேண்டும். “எனக்குச் சொன்னத நான் சொல்லிட்டேன் அக்கா. மாடு இருந்தா ஆள் வரணும்.”

“எனக்கு இருக்கறது அரை ஏரு. மிச்சம் அரை இதோ நிக்கறான் பாரு, இவனோடது. இவனுக்கு மூணு பிள்ளைங்க.”

எல்பால் உடனே, மூன்று பேருக்கும் உடம்பு சரியில்லை என்றான். பின்னால் நின்ற மூத்தவன் புரிந்துகொண்டு இரண்டு தும்மல் தும்மினான். ஓட்டக்காரன் சாக்கை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டான்.

ஊரிலிருந்து மற்ற ஆண்கள் ஈட்டியும் கவணும் கோடரியும் எடுத்துக்கொண்டு புறப்பட்டார்கள். எல்பாலும் பிள்ளைகளும் புறப்படவில்லை. கறுப்பனைச் சத்தமில்லாமல் ஓட்டிக்கொண்டு போய், காட்டத்திமரத்துக்குக் கீழே இருக்கும் குகையில் கட்டிப் புல்லைப் போட்டார்கள். அசுபாள் கண்ணுக்கு அது தப்பவில்லை. மாடே இல்லாதவனிடம் எதை வெட்டுவார்கள்? சண்டைக்கு ஆள் போகாத வீட்டில் வெளியே தெரிகிற மாடு செவலை ஒன்றுதான். மண்ணில் ஈரம் இருக்கிறது, விதை கூடையில் இருக்கிறது, உழ ஜோடி இல்லை. போதாததற்கு வெட்ட எப்போது வருவார்களோ என்று வேறு. அசுபாள் வாசலுக்கும் கொட்டிலுக்கும் நடந்து நடந்து, கடைசியில் செவலையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கிபியாவுக்கே கிளம்பிவிட்டாள். யாராவது பார்த்து, சரி அம்மா, உன்னுடையதை வெட்டமாட்டோம் என்று சொல்லட்டும் என்று.

ராஜாவின் வயலில் பாதிச் சாலில் ஏர் கிடந்தது. வரப்பில் சாசாக் என்கிற உழவன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். ராஜா துண்டு துண்டாக்கி ஊருக்கெல்லாம் அனுப்பியது அவருடைய சொந்த ஏர்மாடுகளை. இருந்த நல்ல ஜோடி அதுதான். மற்ற மாடுகள் மூட்டை சுமக்கப் படையோடு போய்விட்டன. ராஜா ஜெயித்துவிட்டு வரும்போது வயல் இப்படிக் கிடந்தால் தன்னைத்தான் கேட்பார்கள் என்று சாசாக் புலம்பினான். புலம்பிக்கொண்டே செவலையைப் பார்த்தான். எழுந்து வந்து அதன் திமிலைத் தடவினான்.

“மாட்ட விட்டுட்டுப் போங்கம்மா. உங்க வீட்டுலருந்து ராஜாவுக்கு வேல செஞ்சதா ஆயிரும். யாரும் வெட்ட மாட்டாங்க.”

“ஒத்த மாட்ட வெச்சு என்னய்யா செய்வ?”

“ஜோடி கெடைக்கற வரைக்கும் கட்டி வெப்பேன்.”

இதைக் கேட்டதும் அவளுக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. அங்கே தன் மண் காய்கிறது. இங்கே செவலை சும்மா நின்று வைக்கோல் தின்னப்போகிறது. குகையில் கறுப்பனும் சும்மா நின்று தின்றுகொண்டிருக்கிறது. கொழுந்தன்தான், ஒரே ரத்தம்தான். எத்தனை வருஷம் அந்த வார்த்தையைக் கேட்டுக்கேட்டுக் காய்ந்த மண்ணில் விதைத்தாள்.

“ஜோடி எங்க இருக்குன்னு நான் சொல்றேன்” என்றாள். “ஆனா வரிசைய நான்தான் சொல்லுவேன். மொதல்ல ராஜா நெலம். அடுத்தது என் நெலம். அதுக்கப்புறம்தான் அந்த மாட்டுக்காரன் நெலம். கர்த்தர் மேல ஆணையாச் சொல்லு.”

சாசாக் ஆணையிட்டான். அவனுக்கென்ன, மாடு கிடைத்தால் சரி. அன்று மாலையே ஆட்களோடு வந்து, எல்பால் கையைப் பிசைந்துகொண்டு பார்த்திருக்க, குகையிலிருந்து கறுப்பனை ஓட்டிக்கொண்டு போனான். வரிசையையும் ஊர்வாசலில் மூப்பர்கள் காதுபட, ராஜாவின் பேரால் சொல்லிவிட்டுப் போனான். சித்தப்பனும் பெரியப்பனும் ஆமென் என்றார்கள்.

ராஜாவின் வயல் முடிகிற வயலா? ஒன்று முடிந்தால் அவர் தகப்பனுடைய நிலம், அது முடிந்தால் அவர் சிற்றப்பனுடையது. அதற்குள் யாபேஸ் தப்பியது என்று செய்தி வந்தது. எல்லாரும் கில்காலுக்குப் போய்ப் பலியிட்டுத் தின்று சந்தோஷப்பட்டார்கள். சாசாக்கும் மாடுகளைக் கட்டிப்போட்டுவிட்டு விருந்துக்குப் போய்விட்டான். அசுபாள் தினமும் குனிந்து தன் மண்ணை உள்ளங்கையில் எடுத்துப் பார்த்தாள். முதலில் உருண்டை பிடிக்க வந்தது. பிறகு உதிர ஆரம்பித்தது.

ஒருநாள் காலையில் எல்பாலும் மூன்று பிள்ளைகளும் மண்வெட்டிகளோடு இறங்கி, கையாலேயே கொத்தி விதைக்கப் புறப்பட்டார்கள். யாருக்கும் தும்மல் இல்லை. அசுபாள் ஓடிப்போய் அவன் நிலத்து வரப்பில் குறுக்கே உட்கார்ந்துவிட்டாள்.

எல்பால் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றான். “குகையப் பத்திச் சொன்னது யாரு மதினி?”

“நான்தான்.”

“கூசாமச் சொல்றீங்களே.”

“எதுக்குக் கூசணும்? முந்தி நீ மொதல்ல, நான் ரெண்டாவது. இப்ப ராஜா மொதல்ல, நான் ரெண்டாவது. எனக்கு ஒண்ணும் மாறல. உனக்குத்தான் மாறியிருக்கு. மண்வெட்டிய எடுத்துக்கிட்டு என் நெலத்துக்கு வா.”

“அது மாட்டுக்குச் சொன்ன வரிசை.”

“அப்ப கிபியாவுக்குப் போய் மண்வெட்டிக்கு என்ன வரிசைன்னு கேட்டுட்டு வரட்டுமா?”

அவள் போவாள் என்று அவனுக்குத் தெரியும். போனால் யார் வருவார்கள், எதை ஓட்டிக்கொண்டு போவார்கள் என்றும் இப்போது தெரியும். பிள்ளைகளைப் பார்த்தான். நான்கு பேரும் அவள் துண்டுகளில் இறங்கினார்கள். அவளும் ஊசிமும் கூடவே கொத்தினார்கள். இரண்டு மேல்துண்டுகள் ஈரத்தோடு விதை வாங்கிக்கொண்டன. கீழ்த்துண்டுகளில் மண்வெட்டி பட்டால் கல்லில் பட்ட மாதிரி சத்தம் வந்தது. மாடுகள் விதைப்புக் காலம் முடிந்த பிறகுதான் திரும்பி வந்தன.

மேல்துண்டுகளில் வாற்கோதுமை இடுப்பளவு வந்தது. கேரா செத்த பிறகு அப்படி வந்ததே இல்லை. அறுத்துக் களத்தில் குவித்த அன்றைக்கே சாசாக் வந்து நின்றான். பத்தில் ஒரு பங்கு அளந்துகொண்டு, நல்ல விளைச்சல் அம்மா, அடுத்த மழைக்கு மாடுகளைத் தயாராக வையுங்கள் என்றான். எல்பால் வீட்டில் அதற்குப் பிறகு அசுபாளுக்கு அடுப்புக்கு நெருப்புக் கொடுக்கவில்லை. ஊரிலும் அவள் வந்தால் பேச்சைத் தணித்துக்கொள்வார்கள். அவள் சொல்லிக்கொடுத்தது எல்லாருக்கும் புரிந்துவிட்டது. அடுத்த வருஷம் இரண்டு பேர் போய் அவரவர் பக்கத்து வீட்டுக் குகையைச் சொல்லிவிட்டு வந்தார்கள்.

வயதான காலத்தில் கிணற்றடிப் பெண்கள் அவளைச் சீண்டுவார்கள். என்ன அசுபாள் அக்கா, நீங்கள் கேட்ட ராஜாதானே, திரும்ப நியாயாதிபதியே வந்தால் வேண்டும் என்பீர்களா, இல்லை ராஜாவே இருக்கட்டும் என்பீர்களா என்று. அவள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு எரிச்சலோடு சொல்வாள்:

“ரெண்டு பேரும் நல்லா இருக்கட்டும். எனக்கு இன்னொரு மாடு இருந்திருந்தா, அவங்க பேரு கூட எனக்குத் தெரிஞ்சிருக்காது.”