நான்கு எலுமிச்சம்பழங்கள்

என் அப்பா டாக்ஸி ஓட்டியவர். வாடகைக்கு எடுக்கும் ஒவ்வொரு டாக்ஸியையும் முதல் நாள் சிராங்கூன் சாலைக் கோயில் பக்கம் கொண்டுபோய் நிறுத்துவார். தேக்கா சந்தையில் வாங்கிய நான்கு எலுமிச்சம்பழங்களை நான்கு சக்கரங்களுக்கு அடியிலும் வைத்து, ஏற்றி நசுக்கிய பிறகுதான் முதல் சவாரி. "இத்தன வருஷத்துல ஒரு கீறல் கெடையாது" என்று எல்லாரிடமும் பீற்றிக்கொள்வார்.

எனக்குப் பன்னிரண்டு வயதானபோது பிறந்தநாளுக்கென்று கோ-கார்ட் என்கிற குட்டி ரேஸ் கார் ஓட்டக் கூட்டிப்போனதும் அவர்தான். பத்து நிமிடம் முடிந்ததும் இறங்கமாட்டேன் என்று அடம்பிடித்தேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டார். அப்பாவுக்கு வாய்கொள்ளாத சிரிப்பு. "யாரு புள்ள!" என்றார்.

அதன்பிறகு வேறெதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. கார்ட் பந்தயங்களில் ஜெயித்தேன். அதற்கு மேலே போகவேண்டுமென்றால் மலேசியாவில் ஒரு ரேஸ் டீமில் சேரவேண்டும். கார் அவர்களுடையது, ஒரு சீசன் ஓட்டுவதற்கு நாம்தான் பணம் கட்டவேண்டும். திறமை இருந்தால் கூப்பிட்டு உட்காரவைப்பார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நானும் நம்பித்தான் இருந்தேன்.

அப்பா கிளமெண்டியில் இருந்த எங்கள் வீட்டை விற்றார். வீடு வாங்கும்போது சேமநிதியிலிருந்து எடுத்ததைத் திருப்பிக் கட்டியது போக மிஞ்சியதில் ஒரு சின்ன வீடும் என் சீசனும். கடைசி நாள் அம்மா சமையலறை ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தார். "வேற யாரோ இருக்கப்போற வீடு. எதுக்குத் தொடைக்கிறேன்னு எனக்கே தெரியல" என்றார். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. இதைவிடப் பெரிய வீடாக வாங்கித் தந்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டு பெட்டிகளை லாரியில் ஏற்றினேன். மடச்சி.

டீமில் என்னோடு ஓட்டியவர்கள் எல்லாரும் பணக்கார வீட்டுப் பிள்ளைகள். வேலைக்கு வைத்த டிரைவர் வந்து அவர்களை இறக்கிவிட்டுப் போவார். வெட்கத்தில் நானும் அப்பா பிசினஸ் செய்கிறார் என்று சொல்லிவைத்திருந்தேன். ஒரு நாள் டாக்ஸியை நிறுத்தினால் ஒரு நாள் வரும்படி போச்சு என்பதால் அப்பா என் ரேஸுக்கு வந்ததே இல்லை. ஆகவே என் பொய்க்கும் ஆபத்து வரவில்லை.

சீசனின் கடைசி ரேஸுக்கு மட்டும் வந்தார். நண்பரின் காரை இரவல் வாங்கி, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், விடியற்காலையிலேயே என்னை ஏற்றிக்கொண்டு எல்லை தாண்டினார். வழி நெடுக ஒரே பாட்டு, சீட்டி. "இன்னிக்கு என் மக ஓட்டுறத நான் கண்ணால பாக்கணும்" என்று மூன்று முறையாவது சொல்லியிருப்பார்.

அன்றைக்கு எனக்கு இன்னொன்றும் இருந்தது. அடுத்த சீசனுக்கு முழுப் பணமும் தரக்கூடிய ஸ்பான்சர் ஒருவர் என்னைப் பார்க்க வருவதாக டீம் மேனேஜர் சொல்லியிருந்தார். அந்த ஸ்பான்சரைக் கூட்டிக்கொண்டு மேனேஜர் எங்கள் கார் ஷெட்டுக்குள் வந்த அதே நேரத்தில் நான் திரும்பிப் பார்க்கிறேன், அப்பா என் ரேஸ் காருக்குப் பக்கத்தில் முட்டி போட்டு உட்கார்ந்திருக்கிறார். சட்டைப் பையிலிருந்து எலுமிச்சம்பழங்களை எடுத்து டயருக்கு அடியில் வைத்துக்கொண்டிருக்கிறார்.

மெக்கானிக்குகள் சிரித்தார்கள். எனக்குச் சுள்ளென்று ஏறியது. என் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான் இருக்கும். ஓடிப்போய் பழங்களைக் காலால் எத்தினேன். "என்ன பண்றீங்க? எனக்கு ஓட்டத் தெரியும். இதெல்லாம் எதுக்கு?" என்று கத்தினேன். ஒரு பழம் உருண்டுபோய் ஸ்பான்சரின் ஷூவில் இடித்து நின்றது.

அவர் ஆங்கிலத்தில் கேட்டார், இந்த அங்கிள் யார் என்று.

"மை டிரைவர்" என்றேன்.

சொன்னது நான்தான். யாரும் என் வாயைப் பிடுங்கவில்லை. அப்பா எழுந்து முட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு ஸ்பான்சரைப் பார்த்து லேசாகத் தலையசைத்து, "ஓகே மிஸ். ஐ வெயிட் அவுட்சைட் லா" என்றார். குனிந்து நான்கு பழங்களையும் பொறுக்கிக்கொண்டு வெளியே போனார்.

அன்று மூன்றாவதாக வந்தேன். நான் ஓட்டியதிலேயே அதுதான் நல்ல ரேஸ். கோப்பையோடு கார்பார்க்குக்குப் போனபோது அப்பா காருக்குள் உட்கார்ந்திருந்தார். மேலே பார்வையாளர் இடத்துக்குக்கூடப் போகவில்லை. டிரைவர் அங்கே வந்து உட்கார்ந்தால் எனக்குச் சங்கடமாகிவிடும் என்று நினைத்தாராம்.

"சத்தத்த வச்சு உன் வண்டி எதுன்னு கண்டுபிடிக்கப் பாத்தேன்மா. முடியல" என்றார். கோப்பையை வாங்கிப் பார்த்துவிட்டுப் பின்சீட்டில் பத்திரமாக வைத்தார். மன்னிச்சிடுங்கப்பா என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். எல்லை ஊரான ஜொகூர் வரும்வரை நாக்கு நுனியில் இருந்தது. சொல்லவில்லை.

ஸ்பான்சர் வேறொரு பையனுக்குப் பணம் கொடுத்தார். எங்களிடம் விற்பதற்கு இன்னொரு வீடு இல்லை. அதோடு முடிந்தது என் ரேஸ். அப்பா ஒரு நாளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எடுத்துத் திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

அந்த ரேஸின் வீடியோ என் போனில் இருக்கிறது. அதைக் காட்டினால் அன்று காலை நடந்ததும் ஞாபகம் வருமே என்று பயந்து தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். அதற்குள் அப்பாவுக்குக் கண் நரம்பு கெட்டுப்போனது. டாக்ஸியை விட்டார். போன வருடம் தைரியம் வந்து வீடியோவைப் போட்டுக் காட்டினேன். போனை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனார். "எல்லாம் பொகையாத் தெரியுதும்மா. ஆனா சத்தம் நல்லாருக்கு" என்றார். பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

இப்போது லிட்டில் இந்தியாவில் ஒரு கேட்டரிங் கடையின் சாப்பாட்டை வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். போன மாதம் அதையே சொந்தமாகச் செய்யலாம் என்று ஒரு வேனை வாடகைக்கு எடுத்தேன். அன்று தேக்காவில் நானே நான்கு பழங்கள் வாங்கினேன். சாயங்காலம் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கார்பார்க்குக்கு அப்பாவைக் கைப்பிடித்துக் கூட்டிவந்து, பழங்களை அவர் கையில் கொடுத்தேன். அன்று சொல்லாத மன்னிப்பை வேறெப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அவர் மெதுவாக முட்டி போட்டு டயரைத் தடவிப் பார்த்தார். பழத்தை வைக்கப்போனவர் நிறுத்திவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"இங்க யாரும் இல்லல்ல?"

பக்கத்துப் பெஞ்சில் இரண்டு ஆண்ட்டிகள் உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைகள் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

"நெறைய பேர் இருக்காங்கப்பா. பாக்கட்டும். நீங்க வைங்க" என்றேன்.

சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். "அய்யோ, அப்ப வேணாம்மா" என்று பழங்களை ஒவ்வொன்றாகச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, எழுந்திருக்க என் கையைத் தேடினார். "உனக்குத்தான் ஓட்டத் தெரியுமே."