தும்புத்தடியால் இடித்த கூடுகள்

ஜேர்மனியின் பீலெஃபெல்டில், சமைக்கச் சொந்தக் குசினியோடு எங்களுக்கு வீடு கிடைத்தது எண்பத்தேழாம் ஆண்டு மாசி மாதத்தில். அதற்குமுன் பதினொரு மாதங்கள் அகதி முகாமில் ஓர் அறைக்குள் இருந்தோம். இங்கே கீழ்த்தளத்தில் வீட்டுக்கார அம்மா, மேலே நாங்கள் மூவர். மகளுக்கு எட்டு மாதம். இவர்களுக்கு ஏன் வீட்டைக் கொடுத்தோம் என்று அந்த அம்மா ஒருநாளும் நினைத்துவிடக் கூடாதே என்று படிக்கட்டைக்கூட இரண்டு தரம் துடைப்பேன்.

மார்ச்சில் ஒருநாள் யன்னலைத் திறந்து அண்ணாந்து பார்த்தேன். கூரை விளிம்பின் கீழே, சுவரோடு ஒட்டி ஐந்து மண்கூடுகள். எங்கள் ஊரில் வீட்டுச் சுவரில் மண்ணால் கூடு கட்டுவது குளவிதான். அந்தக் கூடு பெருவிரல் அளவு இருக்கும். இது தேங்காய்ப் பாதியைவிடப் பெரிது. குளிர் நாட்டுக் குளவி எவ்வளவு பெரிதாக இருக்குமோ. மகளின் தொட்டிலோ அதே யன்னலின் கீழ். வீடு கூட்டுகிற நீளத் தும்புத்தடியை எடுத்து எட்டி எட்டி ஐந்தையும் இடித்து விழுத்தினேன். விழுந்த மண்ணுக்குள் இறகுகள் கிடந்தன. குளவி குருவியையும் தின்னுமோ என்று இன்னும் பயந்தேனே தவிர, வேறெதுவும் எனக்குத் தோன்றவில்லை. எல்லாவற்றையும் கூட்டி அள்ளி, முற்றத்தைக் கழுவியும் விட்டேன்.

வேலை முடிந்து வந்த வீட்டுக்கார அம்மாவிடம், பாராட்டுவார் என்று நானே போய்ச் சொன்னேன். எனக்குத் தெரிந்த அரைகுறை டொச்சு மொழியில், "சுவரெல்லாம் துப்புரவாக்கிப் போட்டன்" என்றேன். அவர் அண்ணாந்து பார்த்தார். முகம் வெளுத்தது.

"ஐயோ, என்ரை குருவியள்!" என்றார்.

அவை தகைவிலான் குருவிகளின் கூடுகள். குளிருக்கு ஆபிரிக்காவுக்குப் போய், மே மாதம் கூட்டமாகத் திரும்பி வந்து அதே கூடுகளில் குஞ்சு பொரிப்பவை. வீடு கட்டிய காலத்திலிருந்து அங்கே வருகின்றனவாம். கூட்டை இடிப்பது சட்டத்துக்கே மாறானதாம். அவர் திட்டவில்லை. கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு உள்ளே போனார். திட்டியிருந்தால் எனக்கு நித்திரை வந்திருக்கும்.

"இஞ்சேருங்கோ, அவ கந்தோருக்கு எழுதிப்போட்டால்? எங்கடை அகதிக் கேஸ் இன்னும் முடியேல்லை" என்றேன் கணவரிடம்.

"குருவிக்கூடு இடிச்சதுக்கு ஆரையும் பிளேனிலை ஏத்தமாட்டினம். நீ முதல் சாப்பிடு."

"அவ வீட்டை விடச் சொன்னால்?"

"சொன்னால், நாங்களும் ஆபிரிக்காவுக்குப் போவம்."

அவருக்குப் பகிடி. எனக்கு அந்தக் குருவிகள் திரும்பி வந்தே ஆகவேண்டும்.

மறு வாரம் வீட்டுக்கார அம்மா ஆறு செயற்கைக் கூடுகள் வாங்கி வந்தார். நான் ஏணியைப் பிடித்தேன், அவர் சுவரில் பூட்டினார். மே மாதம் குருவிகள் வந்தன. கருநீல முதுகு, வெள்ளை வயிறு. சுவருக்குக் கிட்ட வந்து, சுற்றி, போய், மறுபடியும் வந்தன. ஆனால் ஆறு கூடுகளிலும் சிட்டுக்குருவிகள் முந்திக் குடியேறியிருந்தன. நான்காம் நாள் தகைவிலான்களைக் காணவில்லை.

"இத்தினை சிட்டுக்குருவி இந்த வீட்டிலை ஒருநாளும் இருந்ததில்லையே" என்றார் அவர்.

எனக்குக் காரணம் தெரியும். கேஸ் நல்லபடி முடிய வேண்டும் என்று சனிக்கிழமை விரதம் பிடித்து, சாப்பிடுமுன் காகத்துக்கு யன்னல் விளிம்பில் சோறு வைத்துவந்தேன். காகம் ஒன்றும் வரவில்லை. சிட்டுக்குருவிகள்தான் வந்தன. ஏதோ ஒரு பறவையாவது சாப்பிடுகிறதே என்று சந்தோஷப்பட்டு, மற்ற நாட்களிலும் வைத்தேன். இதைச் சொல்ல வாய் வரவில்லை. அந்தக் குளிர்காலம் முழுக்க, படியில் அவரைக் கண்டாலே குனிந்து சப்பாத்தைப் பார்த்தேன்.

அடுத்த மார்ச்சில் தாங்க ஏலாமல் போய்ச் சொன்னேன்.

"காகத்துக்குச் சோறோ? ஏன்?"

சனீஸ்வரனை எப்படி டொச்சில் சொல்வது? "சனிக் கிரகத்துக்கு" என்றேன்.

"கிரகத்துக்கு வைச்ச சோத்தைத் திண்டிட்டோ என்ரை சிட்டுக்குருவியள் இப்பிடிக் கொழுத்து நிக்குது!" அவர் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஒரு வருடத்துக்குப் பிறகு அந்த முகத்தில் கண்ட சிரிப்பு.

விரதத்தை விட எனக்கு மனமில்லை. சோற்றை ஒரு டப்பாவில் போட்டு, மகளை வண்டிலில் தள்ளிக்கொண்டு, ஊரின் எல்லையில் இருந்த உழுத வயலுக்குப் போனேன். வரம்பில் வைத்துவிட்டுத் திரும்புமுன், ஜேர்மனியில் முதன்முதலாகக் காகம் வந்து என் சோற்றை எடுத்தது. நான் நடுரோட்டில் நின்று கைதட்டினேன்.

வீட்டிலோ, கூடுகளுக்கு முன்னால், நுனியில் பாரத்துக்கு இரும்பு நட் கட்டிய கயிறுகளைத் தொங்கவிட்டோம். தகைவிலான் கீழிருந்து நேரே மேலேறி உள்ளே போய்விடும்; சிட்டுக்குருவிக்குக் கயிறு இடைஞ்சல். சோறும் இல்லை, வழியும் இல்லை என்று கண்டு சிட்டுக்குருவிகள் பக்கத்து வேலிக்குப் போய்விட்டன.

அந்த மே மாதம் மழையே இல்லை. குருவிக்குச் சேறு வேண்டும் என்று எங்கோ வாசித்த வீட்டுக்கார அம்மா தோட்டத்து மூலையைக் கொத்திவிட்டார். நான் காலையும் மாலையும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினேன். துப்புரவுக்காரி நான், சேறு செய்தேன். போதுமா, கூடிப்போச்சா என்று விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

முதலில் ஒரு சோடி வந்து வாங்கிய கூட்டில் புகுந்தது. பிறகு இன்னொன்று. மூன்றாவது சோடி வாங்கிய கூட்டை எட்டியும் பார்க்கவில்லை. நான் இடித்த இடத்தில் சுவரில் வட்டமாக ஒரு தழும்பு இருந்தது. அதன்மேல் ஒரு சொட்டுச் சேறு ஒட்டியது. அது என் வாளித் தண்ணீரில் குழைந்த சேறு.

"இஞ்சை வாங்கோ! கெதியா வாங்கோ!" தமிழில்தான் கத்தினேன். வீட்டுக்கார அம்மா ஒரு கையில் உருளைக்கிழங்கோடு ஓடிவந்தார். கணவர் அரைச் சவரத்தோடு யன்னலால் தலையை நீட்டினார்.

ஆடி மாதம் ஏழு கூடுகளில் குஞ்சுகள் கத்தின. நான்கு வாங்கியவை, மூன்று அவையே கட்டியவை. கீழே காயப்போட்ட மகளின் உடுப்பில் எச்சம் விழுந்தது. நான் கொடியை மாற்றிக் கட்டினேன், கூட்டைத் தொடவில்லை. தெருவால் போனவர்களை வீட்டுக்கார அம்மா மறித்து, சுவரைக் காட்டி, பிறகு என்னைக் காட்டினார்.

"எல்லாம் அவவின்ரை வேலை."

"இடிச்சதுமோ?" என்றார் கணவர் மேலேயிருந்து.

"ஓம், அதுவும்தான்" என்றேன் நானே சத்தமாக.

கூடுகளை இடித்த என் தும்புத்தடியை வீட்டுக்கார அம்மா தன் நிலவறையில் வைத்துப் பூட்டியிருந்தார். நான் அதைத் திருப்பிக் கேட்கவேயில்லை.