பாஸ் போட்டுடட்டுமா?

கொரோனா வருஷத்தை நினைத்தால் முதலில் ஞாபகம் வருவது சத்தம் இல்லாமல் கிடந்த ரோடுதான். காலையில் எங்கள் ஊர் முனையில் திரும்பும்போது விழுப்புரம் பஸ் ஒரு ஹார்ன் அடிக்கும். அதைக் கேட்டுத்தான் பாதி ஊர் எழுந்திருக்கும். பஸ் நின்றதும் யாருக்கும் எந்த நேரத்துக்கு எழுவது என்றே தெரியவில்லை. "இன்னிக்கு இன்னா கெழம?" என்று அம்மா கேட்பாள். அப்பா யோசிப்பார், நானும் யோசிப்பேன், கேள்வி அப்படியே போய்விடும்.

நான் அப்போது விழுப்புரத்தில் ஒரு காலேஜில் பி.எஸ்சி. கணக்கு, கடைசி வருஷம். காலேஜைப் பூட்டினார்கள். பூட்டிய காலேஜ் எங்கள் ஊர்ப் பனமலை மேல் ஏறிக்கொண்டது. சொன்னால் சிரிப்பீர்கள், ஆனால் நிஜம். எங்கள் வீட்டில் ஒரு போன் பேசவே வேப்பமரத்தைச் சுற்றிச் சுற்றி வரவேண்டும். மலை மேல்தான் நெட் ஒழுங்காகக் கிடைக்கும். வீட்டில் இருந்தது ஒரே ஒரு போன். காலையில் வகுப்பு முடியும்வரை அது என்னுடையது, அப்புறம் அப்பாவோடு மல்லாட்டைக் கொல்லைக்கு, அதுதான் வேர்க்கடலை வயலுக்கு, போய்விடும்.

மலைக் கோயில் கதவு சாத்தியிருக்கும். நான் வெளியே பாறை மேல் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கீழே ஏரி. ஏரிக்கு அந்தப் பக்கம் பயிர்ப் பச்சை மேல் மேக நிழல் மெதுவாக ஊர்ந்துகொண்டு போகும். போனில் சார் குரல் தண்ணீருக்கு அடியிலிருந்து வருகிற மாதிரி வரும், நின்றுபோகும், மறுபடி வரும். சில நாள் வகுப்பு எப்போது முடிந்தது என்றே தெரியாது. போன் அணைந்திருக்கும், நான் இன்னும் ஏரியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கனவா, படிப்பா என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. அவ்வளவு சந்தோஷமாக நான் எந்த வகுப்பிலும் இருந்ததில்லை.

பரீட்சை நெருங்கியபோது காலேஜில் ஒரு சலுகை சொன்னார்கள். இரண்டு வழி, எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளலாம். ஒன்று, வீட்டிலிருந்தே பரீட்சை எழுதுவது. கேள்வி போனில் வரும், விடையைத் தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்பவேண்டும், மார்க் போடுவார்கள். இன்னொன்று, எழுதாமலே இருந்துவிடுவது. அப்போது 'பாஸ்' என்று மட்டும் வரும், மார்க் இருக்காது. எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு நடுவில் நெட் போய்விட்டால் அது நம் தலைவிதி.

வகுப்பில் என் பக்கத்தில் உட்காருகிற சிநேகிதி வல்லத்துக்காரி. அவள் வீட்டில் எல்லாரும் காய்ச்சலில் விழுந்து, அவள் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். புத்தகத்தைத் தொட்டே பல நாள் ஆகியிருந்தது. "இத கண்டுபுடிச்ச மவராசன் நல்லா இருக்கட்டும்டி" என்று அழுதுகொண்டே சிரித்தாள். அவளுக்கு அந்தப் பாஸ் வரம்தான்.

எனக்கு அப்படி இல்லை. எனக்குத் திண்டிவனத்தில் எம்.எஸ்சி. சேரவேண்டும். அங்கே மார்க்கைப் பார்த்துத்தான் சீட்டு. வெறும் பாஸை நீட்டினால் கடைசி ஆளாக நிற்கவேண்டியதுதான். சீட்டு கிடைக்காமல் ஒரு வருஷம் வீட்டில் உட்கார்ந்தால் அடுத்து என்ன நடக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். சித்தப்பாவின் மச்சினன் ஜாதகத்தோடு ஏற்கெனவே இரண்டு தடவை வந்து டீ குடித்துவிட்டுப் போயிருந்தார்.

பிள்ளைகள் சொல்வதை மட்டும் வைத்து எதையும் பதியக்கூடாது, வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுத்தான் பதியவேண்டும் என்பது காலேஜ் போட்ட நிபந்தனை. அதனால் எங்கள் சார் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்துகொண்டிருந்தார். நல்ல மனுஷர். பட்டியல் அனுப்பக் கடைசி நாளன்று எங்கள் வீட்டுக்குப் போன் வந்தபோது நான் துணி துவைத்துக்கொண்டிருந்தேன், போன் அப்பாவோடு கொல்லையில் இருந்தது.

எங்கள் அப்பாவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். எதிரில் வாத்தியார் வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கிவிடுகிற ஆள் அவர். வாத்தியார் வாயிலிருந்து எது வந்தாலும் அவரிடம் ஒரே பதில்தான். சரிங்க சார். பள்ளிக்கூடத்தில் என்னை முட்டி போடவைத்ததாகச் சொன்னபோதும் சரிங்க சார், நான் முதல் ரேங்க் என்று சொன்னபோதும் சரிங்க சார். அவர் வயதுக்காரர்கள் எங்கள் பக்கம் எல்லாருமே இப்படித்தான். அது சம்மதம் இல்லை, ஒரு கும்பிடு.

மத்தியானம் கூழ் குடிக்க வந்தவர் முகமெல்லாம் சிரிப்பு.

"ஒங்க சாரு போன் பண்ணாரு பாப்பா. வரப்புல எழுந்து நின்னுக்கினே பேசினேன்."

"இன்னா சொன்னாரு?"

"என்னன்னமோ சொன்னாரு. பரீட்சன்னாரு, சரிங்க சார்னேன். மார்க்குன்னாரு, சரிங்க சார்னேன். ஒங்க பக்கம் நெட்டு கெடைக்காதேன்னாரு, ஆமாங்க சார்னேன். அப்ப பாஸ் போட்டுடட்டுமான்னாரு."

"நீ இன்னா சொன்ன?"

"சரிங்க சார்னேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கூழ்ச் சொம்பைக் கிணற்றில் எறிந்திருப்பேன். "எதுக்குப்பா எல்லாத்துக்கும் மண்டைய மண்டைய ஆட்டுற? என் படிப்பே போச்சு!" என்று கத்தினேன். அம்மா உள்ளேயிருந்து வந்தாள். "பாஸுன்னா நல்லதுதானடி, எதுக்கு இந்தக் கத்து கத்துற? ஊரே கேக்குது." நான் அழுதுகொண்டே இரண்டு வழியையும் சொன்னேன், திண்டிவனத்தைச் சொன்னேன், ஜாதகத்தையும் சொன்னேன். அப்பா குடித்துக்கொண்டிருந்த சொம்பைக் கீழே வைத்தார். அப்புறம் அதை எடுக்கவே இல்லை.

"சாரு எப்ப அத அனுப்புவாராம்?" என்றார்.

"இன்னிக்கு சாயங்காலம்."

"அப்ப ஜல்தி வா. மல மேல போயி பேசலாம்."

அந்த வெயிலில் இரண்டு பேரும் ஏறினோம். பாறை சுட்டது. அப்பா முன்னால், நான் பின்னால். உச்சியில் வழக்கம்போல ஏரி, வழக்கம்போல மேக நிழல். உலகத்தில் ஒன்றுமே நடக்காத மாதிரி அது பாட்டுக்கு ஊர்ந்துகொண்டிருந்தது. எனக்கு அதைப் பார்க்கவே எரிச்சலாக இருந்தது.

நான்தான் முதலில் பேசினேன். "உங்கப்பா சொல்லித்தாம்மா பதிஞ்சேன்" என்றார் சார். "மாத்தணும்னா அவரே சொல்லட்டும். அவர்கிட்ட குடு." ஸ்பீக்கரில் போட்டு அப்பாவிடம் நீட்டினேன். அவர் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, போனை இரண்டு கையாலும் வாங்கினார்.

"ஐயா, நான் உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றார் சார். "எழுதும்போது நெட்டு போச்சின்னா பொண்ணு ஃபெயிலாயிடும். மூணு வருஷப் படிப்பு வீணாப்போகும். பாஸ் கையில இருக்கு. பாஸே இருக்கட்டும், என்ன?"

அப்பா வாயைத் திறந்தார். அந்த உதடு 'ச'வுக்கு விரிகிறதை நான் பார்த்தேன். பார்த்துப் பார்த்துப் பழகிய உதடு அது. முடிந்தது என்று நினைத்து ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"இல்லீங்க சார்" என்றார் அப்பா.

காற்றுதான் அப்படிச் சொன்னதோ என்று எனக்குச் சந்தேகமாகிவிட்டது. திரும்பினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"பாப்பா எழுதும் சார். மார்க்கு வேணுங்குது. ஃபெயிலானாலும் பரவால்லீங்க, அது எழுதட்டும்."

சார், "சரிங்கய்யா" என்றார்.

போனை என்னிடம் கொடுத்துவிட்டு அப்பா இடுப்புத் துண்டை அவிழ்த்தார். படியில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெகுநேரம் கழித்து, "சாரு கோச்சிக்கினிருப்பாரா பாப்பா?" என்று கேட்டார். "இல்லப்பா" என்றேன். அவர் நம்பவில்லை. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கத்தியதை நினைத்துக்கொண்டே அவர் தோளில் சாய்ந்துகொண்டேன்.

அதே மலையில்தான் பரீட்சை எழுதினேன். அந்த மார்க்கில்தான் திண்டிவனத்தில் சீட்டு கிடைத்தது, அது நல்லபடியாக முடிந்த கதை. ஆனால் எனக்கு மார்க்கை விட அந்தக் காலைகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒவ்வொரு பரீட்சைக்கும் அப்பா துணைக்கு வந்தார். தாள் பறக்காமல் இருக்க நல்ல தட்டைக் கல்லாகத் தேடிக் கொண்டுவந்து வைத்தார். கேள்வி வந்ததும் நாலு பாறை தள்ளிப் போய் எனக்கு முதுகைக் காட்டி ஏரியைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். பரீட்சை நடக்கும்போது பக்கத்தில் இருக்கிறவர் தாளைப் பார்த்தால் காப்பி என்று பிடித்துக்கொள்வார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவருக்கு எழுத்தே தெரியாது.

வெயில் ஏறியது. நிழல் ஏரியைக் கடந்து போனது. நான் எழுதிக்கொண்டே இருந்தேன், அந்த முதுகு அசையவே இல்லை. கடைசித் தாளையும் படம் எடுத்து அனுப்பினேன், போய்ச் சேர்ந்துவிட்டது என்று போனில் வந்தது.

"முடிச்சிட்டேன்ப்பா."

அவர் அப்போதும் ஏரியைப் பார்த்தபடியேதான் கேட்டார்.

"நான் திரும்பலாமா பாப்பா?"