வரவேற்கும் கால்குலேட்டர்

உசிலம்பட்டி சாலையில், கரிசல் காட்டுக்கு நடுவே, ஒரு பொறியியல் கல்லூரியில் இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் கணித விரிவுரையாளராக இருந்தேன். கட்டடம் எழும்பும் முன்பே தோரண வாயிலைக் கட்டி முடித்த கல்லூரி அது. அங்கீகாரத்துக்காக ஆய்வுக்குழு வரப்போகிறது என்றதும், வரைபடம் போடும் கால்குலேட்டர்களை ஒரு பெட்டி நிறைய வாங்கினார்கள். வந்த அன்றே எங்கள் துறைத்தலைவர் அவற்றை பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். அதை எப்படி 'ஆன்' செய்வது என்பது கடைசிவரை அவருக்குத் தெரியாது.

கெஞ்சிக் கேட்டு ஒன்றை வாங்கினேன். மதிய இடைவேளைகளில் கையேட்டைப் புரட்டிப் புரட்டிக் கட்டளைகளைப் படித்தேன். எண்ணைக் கேட்டு வாங்க 'இன்புட்', விடையைக் காட்ட 'டிஸ்ப்', ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய 'ஃபார்'. ஒரு சமன்பாட்டின் தீர்வு எந்த இரண்டு எண்களுக்கு நடுவே இருக்கிறது என்று சொன்னால், அந்த இடைவெளியைப் பாதி பாதியாகக் குறுக்கிக்கொண்டே போய் விடையைப் பிடித்து, வளைகோட்டையும் வரைந்து காட்டும் புரோகிராம் ஒன்றை எழுதினேன். வளைகோடு திரையில் மெல்ல ஊர்ந்து அச்சை வெட்டியபோது, ஆளில்லாத அறையில் தனியாகச் சிரித்தேன்.

துறைத்தலைவரிடம் காட்டினேன். அவர் திரையைப் பார்க்கவில்லை.

"அதெல்லாம் இருக்கட்டும்மா. வர்றவுகளுக்கு வணக்கம் சொல்ற மாதிரி இதுல ஒண்ணு போட முடியுமா?"

போட்டுக் கொடுத்தேன். அடுத்த வரியில் தாளாளர் பெயரும் வர வேண்டும் என்றார்கள். அவருக்குப் பெயருக்கு முன்னால் ஒரு பட்டம் உண்டு, அவரே தமக்குக் கொடுத்துக்கொண்டது. அந்தத் திரையிலோ ஒரு வரிக்குப் பதினாறு ஆங்கில எழுத்துதான். 'டிஸ்ப்' கட்டளை பட்டத்தை முழுசாகக் காட்டிவிட்டு, பெயர் வரவேண்டிய இடத்தில் மூன்று புள்ளி வைத்தது. எனக்கு அது சரியாகத்தான் பட்டது. தாளாளரின் மைத்துனர்தான் கல்லூரி நிர்வாக அதிகாரி. அவர் நேரில் வந்து பார்த்தார்.

"மச்சான் பேரையே முழுங்குதேம்மா. இம்புட்டுப் பெரிய மெஷினுக்கு இது கூடவா முடியாது?"

பட்டத்தை எடுத்துவிட்டால் பெயர் வரும் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்த பார்வையில், அந்த மாதச் சம்பளம் தாமதமாகும் என்று புரிந்தது. கடைசியில் எந்த வரிசை, எந்த இடம் என்று சொல்லி எழுத்தை வைக்கும் வேறொரு கட்டளையைப் பிடித்து, பட்டத்தை மேலேயும் பெயரைக் கீழேயும் நிறுத்தினேன். இரண்டு பட்டம் படித்தவள் ஒரு வாரமாகச் செய்த ஆராய்ச்சி இதுதான். எல்லாக் கால்குலேட்டரிலும் வரவேற்பு ஏறியது. வேறு எதுவும் இருந்தால் குழப்பம் வரும் என்று என் புரோகிராமை என்னையே அழிக்கச் சொன்னார்கள். அழித்தேன்.

ஆய்வு அன்று, டை கட்டிய மாணவர்களை மேசைக்கு ஒருவராக நிறுத்தியிருந்தார்கள். குழுவில் ஒரு வயதான பேராசிரியர் ஒன்றைக் கையில் எடுத்தார். கால்குலேட்டர் வரவேற்றது. 'என்டர்' அழுத்தினார். மறுபடி வரவேற்றது. முடிந்த புரோகிராமை அந்தப் பொத்தான் மீண்டும் முதலிலிருந்து ஓட்டும். அவர் மறுபடி அழுத்த, அது மறுபடி வரவேற்க, பக்கத்தில் தாளாளர் பூரித்து நின்றார்.

பேராசிரியர் எதிரே நின்ற மாணவனிடம் சைன் வளைகோட்டை வரைந்து காட்டச் சொன்னார். அந்தப் பையன் அதுவரை கால்குலேட்டரைத் தொட்டதே இல்லை. துறைத்தலைவரைப் பார்த்தான். அவர் என்னைப் பார்த்தார். நான் வாங்கி வரைந்து காட்டினேன். இதில் இங்கே யாராவது புரோகிராம் எழுதிப் பார்த்திருக்கிறார்களா என்று பேராசிரியர் கேட்டார். ஒரு நிமிடம் கொடுங்கள் சார் என்று சொல்லி, அழித்ததை நினைவிலிருந்து அடிக்கத் தொடங்கினேன். பாதி அடித்திருப்பேன், நிர்வாக அதிகாரி கதவோரம் வந்து பிரியாணி ஆறுகிறது என்றார். பேராசிரியர் என் கையிலிருந்த திரையை ஒரு தடவை எட்டிப் பார்த்தார். பிறகு அவரும் சாப்பிடப் போனார். அவர் மீதுதான் எனக்கு இன்றும் அதிகக் கோபம். திரையில் இருந்தது என்னவென்று மற்றவர்களுக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும்.

நான் அடித்து முடித்தேன். விடை சரியாக வந்தது. டை கட்டிய பையன் மட்டும் பக்கத்தில் நின்றான். "மேடம், நான் ஒரு தடவை அமுக்கிப் பாக்கவா?" என்றான். கொடுத்தேன். வேறு எண்களைக் கொடுத்து அவன் இரண்டாவது தடவை ஓட்டுவதற்குள் துறைத்தலைவர் பெட்டியோடு வந்து எண்ணி அடுக்க ஆரம்பித்துவிட்டார்.

அங்கீகாரம் கிடைத்தது. துறைத்தலைவர் துணை முதல்வரானார். நான் பசுமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை தேடிக்கொண்டேன். விடுவிப்புக் கடிதம் கேட்டுப் போன அன்று, என் பொறுப்பிலிருந்த பொருளெல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க அவரே பீரோவைத் திறந்தார். கால்குலேட்டர்களில் பேட்டரி கசிந்து பச்சை பூத்துக் கிடந்தது. ஒன்றை எடுத்து ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினார். திரை இருட்டாகவே இருந்தது.

"நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.