எட்டுக் கிராம் மஞ்சள்

சென்ற ஆண்டு மார்ச் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் நாட்டில், பாடன் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நடந்தது இது. நேரம் காலை ஒன்பது நாற்பது என்று என் நாட்குறிப்பில் இருக்கிறது.

என் கணவருக்குக் குடலில் புற்றுநோய். அறுவைச் சிகிச்சை முடிந்து, மூன்றாவது கீமோவுக்காக எங்கள் ஊரான டீட்டிகோனிலிருந்து ரயிலில் போயிருந்தோம். மருந்து ஏற்றுமுன் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஈரல் அளவுகள் மிகவும் கூடியிருந்தன. இன்றைக்கு மருந்து இல்லை, இப்படியே போனால் சிகிச்சையை நிறுத்தவும் நேரலாம் என்றார் வைத்தியர்.

வேறு மருந்து ஏதும் எடுக்கிறாரா என்று தாதி கேட்டார். இல்லை என்றேன். சிகிச்சையின் முதல் நாள் தந்த படிவத்திலும் அப்படித்தான் எழுதியிருந்தேன். பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை.

தாதி சற்று யோசித்து, "இன்று காலை என்ன குடித்தார்?" என்று கேட்டார்.

மஞ்சளும் மிளகும் அவித்த தண்ணீர். தாவர உணவுகளுக்குப் புற்றுநோயை எதிர்க்கும் சக்தி உண்டு என்று படித்ததிலிருந்து, நாளுக்கு மூன்று தரம் அதைக் கொடுத்து வந்தேன். முதியோர் இல்லச் சமையலறையில் வேலை செய்கிறவள் நான். எதையும் தராசில் நிறுத்துத்தான் போடுவேன். ஒரு தரத்துக்கு எட்டுக் கிராம். அதை வாய்விட்டுச் சொன்னபோதுதான் உறைத்தது: எங்கள் வீட்டில் ஒரு கிழமைக் கறிக்கே அவ்வளவு மஞ்சள் போகாது. ஆனாலும் எனக்கு மஞ்சள் சாப்பாடு. மருந்து என்ற கட்டத்துக்குள் அதை எழுத வேண்டும் என்று தோன்றவேயில்லை.

"அம்மனுக்குக்கூட இவ்வளவு மஞ்சள் சாத்தமாட்டினம்," என்றார் கணவர் தமிழில்.

தாதி கோபிக்கவில்லை. ஆய்வுகூடத்தில் மஞ்சள் புற்றுநோய்க் கலங்களைக் கட்டுப்படுத்துவது உண்மைதான், ஆனால் உடம்புக்குள் அப்படியே நடக்கும் என்று சொல்ல முடியாது என்றார். இந்த அளவில், இந்த மருந்தோடு சேர்ந்தால் ஈரல் தாங்காமல் போகலாம். அதுதான் காரணம் என்று உறுதியில்லை, நிறுத்திப் பார்ப்போம். கறிக்குப் போடுவதில் தடையில்லை.

ரயில் மேடையில் நின்றபோது கணவரிடம் கேட்டேன்.

"அதைக் குடிச்சு உங்களுக்கு ஏதும் செய்ததோ?"

"ஓம். இரண்டு கிழமையா வயிறு எரியுது."

"பிறகேன் சொல்லேல்லை?"

"நான் கோப்பையை முடிச்சாத்தான் உம்மட முகம் தெளியுது. அதையேன் கெடுப்பான் எண்டுதான்."

ரயில் வந்தது, ஏறினோம்.

அந்தத் தண்ணீரை நிறுத்தி இரண்டு கிழமையில் அளவுகள் இறங்கின. கீமோ தொடர்ந்தது, முடிந்தது. இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போகிறோம். யாராவது ஒரு இலையையோ வேரையோ பற்றிச் சொன்னால் இன்றும் கவனமாகக் கேட்கிறேன், வைத்தியரிடமும் சொல்கிறேன். ஆனால் கணவருக்கு எதைக் கொடுக்குமுன்னும், இது அவருடைய நோய்க்கா, என் பயத்துக்கா என்று என்னையே ஒருமுறை கேட்டுக்கொள்கிறேன்.