துவக்குக் கடையில் மாமா

கனடாவில் விலை பேசாமல் மாமா வாங்கிய பொருட்கள் பாலும் பாணும் மட்டும்தான். கார், சோபா, அக்கா பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுக்குச் சேலை, எதுவானாலும் அவர் வாய் திறந்தால் கடைக்காரன் இறங்கித்தான் ஆகவேண்டும். அதனால் எனக்குப் பத்து வயதானபோது அப்பா மான் சுடுவதற்கு வேட்டைத் துவக்கு வாங்கப் புறப்பட்டதும், தன் தம்பியையும் கூட்டிக்கொண்டுதான் போகவேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டார். எல்லாம் சேர்த்து எண்ணூறு டொலர். அதற்கு மேல் ஒரு சதம் போனாலும் துவக்கும் வேண்டாம், மானும் வேண்டாம்.

அப்பாவுக்கோ அது பெரிய ஆசை. பாண் சுடுகிற பேக்டரியில் அவரோடு வேலை செய்தவர்கள் ஒவ்வொரு நவம்பரும் வடக்கே மான் வேட்டைக்குப் போவார்கள். பன்னிரண்டு வருடம் கதை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தவரை அந்த முறை 'நீயும் வா' என்று கூப்பிட்டிருந்தார்கள். வகுப்புக்குப் போய், சோதனை எழுதி, லைசென்ஸும் எடுத்துவிட்டார். துவக்குத்தான் பாக்கி.

கடை நாங்கள் இருந்த ஸ்காபரோவிலிருந்து ஒரு மணித்தியாலக் கார் ஓட்டம். சுவர் முழுக்கத் துவக்குகள். மாமா ஆயிரத்து எழுநூறு டொலர் போட்டிருந்த கறுப்பு ஒன்றைக் காட்டி, "அத்தான், வாங்கினா இதை வாங்கோ. விலையை நான் இறக்கிறன், நீங்கள் பேசாம நில்லுங்கோ" என்றார்.

கடைக்காரர் வயதானவர், பொறுமைசாலி. குறிபார்க்கப் பழகாதவனுக்கு விலை கூடிய துவக்கு எதற்கு என்று கேட்டார். ஒவ்வொரு வெடிக்கும் கையால் இழுத்துப் பூட்டுகிற பழைய துவக்கொன்று நல்லதாக இருக்கிறது, மிச்சக் காசில் ஸ்கோப்பும் பழகுவதற்குத் தோட்டாவும் வாங்கு என்றார். அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. மாமா என் காதில், "பார் பிள்ளை, அறுநூறு எண்டுவார், நான் நானூறிலை நிப்பாட்டிறன்" என்று சொல்லிக் கையைத் தேய்த்துக்கொண்டார்.

பின்னறைக்குப் போன கடைக்காரர், துவக்கை இரண்டு கைகளாலும் நெஞ்சுக்குக் குறுக்கே பிடித்தபடி எங்களை நோக்கி நடந்து வந்தார். அவ்வளவுதான். அப்பாவும் மாமாவும் ஒரே நேரத்தில் விறைத்து நின்று, பேர்ஸைத் திறந்து, ஆளுக்கொரு அட்டையை நீட்டினார்கள். அப்பா நீட்டியது லைசென்ஸ். அது காட்டவேண்டியதுதான். மாமா நீட்டியது ஆஸ்பத்திரியில் காட்டுகிற ஹெல்த் காட்.

ஐயோ, எனக்கு வந்த சிரிப்பு! கடைக்காரரும் சிரித்து, உனக்கு என்ன வருத்தம் என்று கேட்டார். மாமா சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு வாயும் திறக்கவில்லை. கேட்ட விலையை அப்பா அப்படியே கொடுத்தார். நல்லகாலம், ஸ்கோப்போடும் தோட்டாவோடும் எண்ணூறுக்குள் அடங்கிவிட்டது. துவக்கை வைக்கிற பெட்டியைக் கடைக்காரர் சும்மா தந்தார். நவம்பரில் அப்பா வடக்கே போய், இறைச்சியில் தன் பங்கோடு திரும்பினார். அம்மா கறித்தூள் போட்டுப் பிரட்டல் வைக்க, வீடே மணந்தது. எனக்கு அது சந்தோஷமான வருடம்.

பிறகு எங்கே பிறந்தநாள் பார்ட்டி நடந்தாலும் நான் இந்தக் கதையை நடித்துக் காட்டுவேன். அங்கிள்மாரும் அன்ரிமாரும் கண்ணில் நீர் வரச் சிரிப்பார்கள். "அவன் ஐசி கேக்கமுதலே குடுத்திட்டான்" என்று யாராவது சொன்னால் இன்னும் பலமாகச் சிரிப்பார்கள். சண்டைக் காலத்தில் ஊரில் துவக்கோடு ஆமிக்காரன் ஒருவன் எதிரே வந்தால், அவன் கேட்கமுதல் அடையாள அட்டை கையில் இருக்கவேண்டும் என்பதும், பிந்தியவர்களுக்கு என்ன நடந்தது என்பதும் அங்கே இருந்த பெரியவர்கள் எல்லோருக்கும் தெரியும். எனக்குத் தெரியாது. நான் அவ்வளவு நன்றாக நடிக்கிறேன் என்று நினைத்து, இன்னொரு தடவை நடித்துக் காட்டுவேன்.